இதில் எங்கள் பங்கு எங்கே?



படிப்பை முடித்து நல்ல வேலையில் அமர்ந்துவிட்ட நம் இளைஞர் சிலரிடம் அண்மைக் காலமாக ஒரு நல்லார்வம் தலைதூக்கக் காண்கிறேன். ஆறு மாதமோ ஓராண்டோ விடுப்பு எடுத்துக்கொண்டு, வறிய நாடொன்றுக்குச் சென்று தொண்டு செய்து திரும்பவேண்டும் என்பது அவர்கள் ஆவல். "சாமி, நீங்கள் ஆப்பிரிக்காவில் இருந்தவராயிற்றே, என்னென்ன கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்டு, மருந்து, கொசுவலை, கைவிளக்கு எனப் பட்டியல் எழுதிக்கொள்ள ஏட்டைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னால் அமர்கிறார்கள். பட்டியல் சொல்வது எளிது. அதைச் சொல்லியும் அனுப்புகிறேன். ஆயினும் சொல்லவேண்டியது அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறைய இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நம் குடும்பங்கள் அனைத்தும் அறியட்டும் என்று இங்கே எழுதத் துணிகிறேன்.

2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை தான்சானியா நாட்டில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மறைமாவட்டக் குரு ஒருவர் தம் மறைமாவட்டத்தை விட்டு அயல்நாட்டுக்குச் செல்வது எங்ஙனம் என்று சிலர் வினவலாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஃபிதேயி தோனும்' என்னும் சுற்றுமடல், ஆப்பிரிக்கத் திருச்சபைக்குத் துணைநிற்குமாறு உலக ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. துறவற சபைகளைச் சேராத குருக்களும் சில ஆண்டுகளுக்கு அங்கே சென்று பணிபுரிந்து தாயகம் திரும்பும் வழி அதனால் பரவலாயிற்று. அவ்வழியே விரும்பிக் கேட்டுச் சென்றவர்களுள் நானும் ஒருவன்.

நான் இருந்த ஊர் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, முவான்சா நகரிலிருந்து பேருந்தில் அரை நாள் பயணத் தொலைவில் இருந்தது. சுகுமா இன மக்கள் வாழும் நாடு அது. தான்சானியாவின் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களுள் அவர்களே தொகையில் பெரியவர்கள். பருத்தி, மக்காச்சோளம், நெல் பயிரிடுவார்கள். மாட்டுச் செல்வத்தை உயிராக மதிப்பார்கள். இந்தியர் என்றால் அவர்களுக்குக் குசராத்து வணிகர்களே நினைவுக்கு வருவர். ஆகவே முதல் வாரத்தில் சிறுவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "இந்தியரே, உமது கடை எங்கே?" என்று கேட்டார்கள். கடையில்லாத இந்தியரை அவர்கள் அதுவரை கண்டதில்லை போலும்!

ஊருக்குள் செல்வதற்குமுன் நான்கு மாதம் மொழிப் பயிற்சி. ஏரிக்கரையில் முசோமா நகரையொட்டி மக்கோக்கோ என்னும் இடத்தில் மறைபரப்புப் பணியாளர்களுக்கெனவே ஒரு மொழிப் பள்ளி உண்டு. குருமடத்தில் இலத்தீன் படித்த பிறகு மீண்டும் ஒருமுறை நாற்பது வயதில் விசிப்பலகையில் அமர்ந்து வினைத்திரிபுகளை ஒப்பிக்கலானேன். சுவாகிலி எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. குருவானவரை அவர்கள் 'பாட்ரி' என்பர். நம் 'பாதிரி'யும் அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஒரே சொல். மேசைக்கு 'மேசா'. இலட்சத்திற்கு 'லாக்கி'. பயிராக நிற்கும் நெல்லுக்கு 'ம்புங்கா', குத்திய அரிசிக்கு 'ம்ச்செலே', வெந்த சோற்றுக்கு 'வாலி' என்று மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் மூன்றுக்கும் ஒரு சொல்லோடு நின்றுவிட்டனர். இலக்கணத்தில் மட்டும் ஓர் இடத்தில் நான் நின்று வியந்தேன். நாம் ஆட்டையும் மாட்டையும் அஃறிணையில் தள்ளிவிடுகிறோம். சுவாகிலியிலோ உயிருள்ளவை யாவும், ஆடு மாடு மீன் உட்பட, மனிதருக்கு உரிய அதே வினைமுடிபைப் பெறும்.

நேரத்தை எண்ணும் முறையும் வேறு. சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆனால் அது முதல் மணி. நம் காலை ஒன்பது மணி அவர்களுக்கு மூன்றாம் மணி. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை நாம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது, மூன்றாம் மணி, ஆறாம் மணி, பதினொன்றாம் மணி என்றால் என்னவென்று மறையுரையில் விளக்கவேண்டியிருந்தது. அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. மாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவனைப் 'பதினொன்றாம் மணிக்காரன்' என்று அவர்கள் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இத்தனையும் சொல்லி 'போலே' என்ற சொல்லை விட்டுவிடக்கூடாது. அதற்கு நேரான ஒற்றைத் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. கல் தடுக்கினால் பார்த்தவர் 'போலே' என்பார். பயணம் முடித்து வந்தவரை, வயலில் குனிந்து களை கொத்துகிறவரை, காய்ச்சலில் கிடப்பவரை, பிள்ளையைப் பறிகொடுத்தவரை, அனைவரையும் அந்த ஒரு சொல்லால் தேற்றுவார்கள். 'உமது நோவு எனக்குத் தெரிகிறது' என்பது அதன் உட்பொருள். அதற்கு மறுமொழி 'நிமேஷாபோவா'. 'ஆறிவிட்டேன்' என்று பொருள், சூடான பண்டம் ஆறுவதுபோல. நம் 'ஆறுதல்' என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து பிறந்ததன்றோ! எனக்கு மலேரியா கண்டபோது எட்டு நாளும் யாராவது ஒருவர் என் அறையில் அமர்ந்திருந்தார். பேச்சு அதிகம் இல்லை. 'போலே' என்று சொல்லிவிட்டு முட்டை இரண்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்து எழுந்து போவார்கள்.

நம் 'அன்பியம்' அமைப்பை நன்கறிந்த வாசகர்களுக்கு அங்குள்ள 'ஜுமுயியா' எளிதில் விளங்கும். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1973-ஆம் ஆண்டிலும் 1976-ஆம் ஆண்டிலும் கூடி, சிறு கிறிஸ்தவ சமூகங்களே தங்கள் திருச்சபையின் அடித்தளம் என முடிவு செய்தனர். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்தது ஒரு ஜுமுயியா. வாரந்தோறும் ஒரு வீட்டு முற்றத்தில் கூடி நற்செய்தி வாசித்து, செபித்து, பிறகு நடைமுறைக் காரியங்களுக்கு வருவார்கள்: யார் நோயுற்றிருக்கிறார், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை. நம் அன்பியக் கூட்டங்களில் முதற்பகுதியை நன்றாகச் செய்கிறோம். பிற்பகுதிக்கு வரும்போது தேநீர் வந்துவிடுகிறது.

ஞாயிறு திருப்பலியின் காணிக்கைப் பவனி கண்கொள்ளாக் காட்சி. மேளம் முழங்க, ஆடி அசைந்து, மக்காச்சோள மூட்டை, கருவாடு, முட்டை, கால் கட்டிய கோழி ஆகியவற்றைப் பீடத்தின் அடியில் கொண்டுவந்து வைப்பார்கள். அர்ச்சிப்பின்போது கோழி கூவினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஏலம். நம் தென்மாவட்டக் கிராமங்களிலும் முதற்காய்ச்சலையும் கோழியையும் நேர்ந்துவிட்டு ஏலம் கூறும் வழக்கம் உண்டு. அங்கே நான் கண்ட வேறுபாடு ஒன்றே. பணம் கொடாதவர் ஒருவருமில்லை. கையில் எதுவும் இல்லாத கிழவி ஒருத்தி விறகுக் கட்டு ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு பவனியில் வந்தாள். அந்த விறகு உபதேசியார் வீட்டு அடுப்புக்கு ஏலம் போயிற்று.

இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. அந்நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரே தினந்தோறும் திருப்பலி காணும் கத்தோலிக்கர். அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியர். மக்கள் அவரை இறுதிவரை 'முவாலிமு', அதாவது 'வாத்தியார்' என்றே அழைத்தனர். 1967-ஆம் ஆண்டின் அருஷா அறிக்கையில் கூட்டுக்குடும்ப உணர்வையும் தற்சார்பையும் நாட்டின் கொள்கையாக அவர் அறிவித்தார். அவருடைய பொருளாதாரத் திட்டங்கள் பல தோற்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'குஜிதெகெமேயா', தன்மேல் தானே சாய்ந்து நிற்றல் என்னும் சொல்லைப் படிக்காத கிழவரும் அறிவார். 1999-இல் அவர் இறந்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணிகள் 2005-இல் தொடங்கப்பட்டன.

2012-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'மசிக்கா' என்னும் நீண்ட மழை தொடங்கிற்று. எங்கள் ஊரில் கன்னியர் நடத்தும் சிறு மருந்தகம் ஒன்றுண்டு. சுற்று வட்டாரத்துக்கு அதுவே பிரசவ இடம். சிக்கல் என்றால் முவான்சாவின் பெரிய மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். மழைக்காலத்தில் ஊருக்கும் குக்கிராமங்களுக்கும் இடையே உள்ள ஓடைகள் ஆறாக மாறிவிடும். ஓர் இரவு, மூன்றாம் பிரசவத்துக்கு வலியெடுத்த ஓர் இளந்தாயை முதலில் மிதிவண்டியிலும் பிறகு மாட்டுவண்டியிலும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஓடையில் வெள்ளம். வடியும்வரை அக்கரையிலேயே வண்டி நின்றது. விடியற்காலையில் வெள்ளம் தணிந்தபோது தாயும் சேயும் உயிரோடு இல்லை. நோயில்பூசுதல் கொடுக்கத் தைலத்தோடு நான் இக்கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் பிறகும் மூன்று நாள் ஊர் அந்த வீட்டை விட்டு அகலவில்லை. ஆடவர் முற்றத்தில் தீ மூட்டி அதைச் சுற்றி உறங்கினர். பெண்கள் உள்ளே. எங்கிருந்தோ பெரிய பெரிய பானைகள் வந்து சமையல் நடந்தது. வாயிலருகே ஒருவர் கோடிட்ட பள்ளி ஏடு ஒன்றை மடிமேல் வைத்துக்கொண்டு, யார் எத்தனை ஷில்லிங் கொடுத்தார், யார் எவ்வளவு மாவு கொடுத்தார், யார் தண்ணீர் சுமந்தார் என்று எழுதினார். காவிரிக் கடைமடையில் பிறந்தவனுக்கு இதை ஒருவர் விளக்கவேண்டுமா? எங்கள் பக்கம் திருமணத்திலும் காதணி விழாவிலும் மொய் எழுதும் ஏடு இல்லாத வீடு இல்லை. பேராவூரணிப் பக்கத்தில் மொய்விருந்து என்றே தனி விருந்து நடக்கிறது. எழுதியதைத் திருப்பிச் செய்யாதவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

மருந்தகத்தின் அருகே ஓர் அறை இருந்தால், அக்கரைத் தாய்மார் மாதம் நிறைந்ததும் முன்கூட்டியே வந்து தங்கலாம். செலவு பெரிதன்று. நான் தாயகத்தில் முன்பு பணியாற்றிய பங்குக்கு எழுதினேன். நம் மக்களின் தாராளத்தைச் சொல்லவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் மாதத் திருவிழாவில் வாணவேடிக்கையைச் சுருக்கி, வீடு வீடாகவும் தண்டி, 1,20,000 ரூபாய் திரட்டி அனுப்பினார்கள். அந்நாட்டுக் கணக்கில் 35 லட்சம் ஷில்லிங்குக்கும் அதிகம். அறைக்கான சுவர், கூரை, சிமெண்டு அனைத்துக்கும் போதும்.

அக்டோபரில் ஜுமுயியாத் தலைவர்களைக் கூட்டி இந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு அறிவித்தேன். நன்றி சொன்னார்கள். பிறகு ஓர் அமைதி. அந்த அமைதியின் பொருள் எனக்குப் பிடிபடவில்லை. ஊரார் 'பீபி' என்று, அதாவது 'பாட்டி' என்று அழைக்கும் மூதாட்டி ஒருவர், பதினெட்டு வீட்டு ஜுமுயியாவின் தலைவி, மெல்ல எழுந்தார். "பாட்ரி, உங்கள் ஊரார் செய்தது நல்ல காரியம். இதில் எங்கள் பங்கு எங்கே?" என்று கேட்டார்.

'ஃபூங்கு' என்று அவர் சொன்னதைப் பங்கு என்று எழுதியிருக்கிறேன். கூறு என்றும் சொல்லலாம். தமிழில் கொடுப்பவன் கொடுக்கும் கூறும் பங்குதான், நாம் சேர்ந்து வாழும் திருச்சபைக் குடும்பமும் பங்குதான். சுவாகிலியில் இந்த இரட்டைப் பொருள் கிடையாது. ஆனால் அன்று அந்தக் கிழவியின் கேள்வியில் இரண்டும் இருந்தன.

அவர் தொடர்ந்தார். விருந்தாளி கட்டிய வீடு ஒழுகினால், கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து விருந்தாளிக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். ஆகவே செங்கல் எங்களுடையதாக இருக்கட்டும். மணலும் தண்ணீரும் உடலுழைப்பும் எங்களுடையவை. தகரமும் சிமெண்டும் உங்கள் ஊராருடையவை. மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

கேட்க நியாயமாக இருந்தது. இடர் எங்கே என்றால், அக்டோபர் இறுதியில் மழை தொடங்கிவிடும். பச்சைச் செங்கலைக் காயவைத்துச் சூளை போடுவது ஜூன் மாதத்துக்குப் பிந்திய வறண்ட காலத்தில்தான் இயலும். அதாவது எட்டு மாதம் பொறுக்கவேண்டும். இடையே இன்னொரு மசிக்கா வரும். முவான்சாவிலிருந்து சிமெண்டுக் கட்டிகளை லாரியில் வரவழைத்தால் கிறிஸ்து பிறப்புக்குள் அறை எழுந்துவிடும். பணம் கையில் இருக்கிறது. "அடுத்த மழையில் மறுபடி ஒரு தாய் ஓடைக்கரையில் இறந்தால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். அதைக் கேட்டதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. உயிரா மானமா என்று வரும்போது உயிரின் பக்கம் பேசுவதற்கு ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

ஒரு வாரம் தவணை கேட்டார்கள். அந்த வாரம் ஒவ்வொரு ஜுமுயியாவும் தன் முற்றத்தில் இதைப் பேசிற்று. அடுத்த கூட்டத்தில் விடை வந்தது. மருந்தகத்துக்கு அருகிலுள்ள நான்கு வீட்டார் ஆளுக்கோர் அறையை ஒழித்துத் தருவார்கள். மாதம் நிறையும் தாய் மழைக்கு முன்பே அங்கே வந்துவிட வேண்டும். அவளுக்குரிய மாவும் பயறும் விறகும் அவள் ஜுமுயியா அனுப்பிவைக்கும். இரவில் வலி கண்டால் கன்னியரை அழைத்துவர மிதிவண்டியுள்ள பையன் ஒருவன் முறைவைத்து அந்த வீட்டுத் திண்ணையில் படுப்பான். இதற்கு ஒரு ஷில்லிங்கும் தேவையில்லை. நான் கேட்ட அறை ஒன்று. அவர்கள் தந்தவை நான்கு.

2013 ஜனவரி முதல் மே வரை பதினொரு தாய்மார் அந்த வீடுகளில் தங்கினர். ஒன்பது குழந்தைகள் மருந்தகத்தில் நலமாகப் பிறந்தன. இருவரைத் தக்க தருணத்தில் முவான்சாவுக்குக் கொண்டுசென்றோம். அவ்விருவருள் ஒருத்தியின் குழந்தை பிழைக்கவில்லை. தாய்மார் பதினொருவரும் பிழைத்தார்கள்.

இதற்கிடையே தாயகத்திலிருந்து மடல்கள் வந்தவண்ணம் இருந்தன. கட்டடம் எந்த அளவில் இருக்கிறது? திறப்பு விழா எப்போது? நிழற்படம் அனுப்பக்கூடாதா? நம் பங்கின் பெயர் பொறித்த கல் ஒன்று வைக்க ஏற்பாடு உண்டா? கேட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குழல்விளக்கின் வெளிச்சத்தில் பாதியை உபயதாரர் பெயரே மறைத்துவிடும் கோவில்களில் செபித்து வளர்ந்தவர்கள் நாம். 'செங்கல் இன்னும் மண்ணாகவே இருக்கிறது, அறைகளோ ஏற்கெனவே நிரம்பிவிட்டன' என்று நான் எழுதியதைப் பங்குப் பேரவையில் சிலர் நம்பவில்லை. அந்த மக்கள் சோம்பேறிகள், அதனால்தான் வேலை நடக்கவில்லை என்று ஒருவர் எழுதினார். ஆப்பிரிக்கரைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய கதை அது. இரண்டு தலைமுறைக்கு முன் நம்மைப் பற்றி வெள்ளையரும் அதையேதான் எழுதினார்கள்.

ஜூன் மாதம் பிறந்ததும் அந்தச் 'சோம்பேறி'களை அவர் பார்த்திருக்கவேண்டும். சுகுமா மக்கள் கூட்டாக மண்வெட்டி பிடித்தால் மேளமும் பாட்டும் இல்லாமல் பிடிக்கமாட்டார்கள். 'பகீக்கா', 'பகாலு' என இரு ஆட்டக் குழுக்கள் அவர்களிடையே பழங்காலந்தொட்டுப் போட்டியிட்டு வருகின்றன. முவான்சாவை அடுத்த புஜோராவில் நற்கருணைப் பெருவிழாவையொட்டி அவை மோதும் ஆட்டவிழாவைக் காணப் பல்லாயிரவர் கூடுவர். எங்கள் ஊரிலும் ஒரு குழு மண் வெட்ட, மற்றது அச்சில் அடிக்க, எது முந்துகிறது என்று போட்டி. பெண்கள் தண்ணீர்க் குடங்களோடு வரிசையாக வந்தார்கள். அக்கரைக் குக்கிராமத்திலிருந்து, மனைவியை இழந்த அந்த இளைஞரும் வந்து மூன்று வாரம் தங்கி வேலை செய்தார். செங்கற்களைக் கூம்பாக அடுக்கி, அடியில் கண்விட்டு, வெளியே சேறு பூசி, இரவு பகலாக எரித்தார்கள். சூளைக்குத் தீ மூட்டுமுன் பீபி என்னைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொன்னார். முதல் சுள்ளியை வைத்தவர் அவர்தான்.

ஆகஸ்டில் என் தவணை முடிந்தது. சுவர் அப்போது சன்னல் மட்டத்துக்கு எழுந்திருந்தது. கூரையை நான் பார்க்கவில்லை. பிரிவின்போது ஒரு சேவலைப் பரிசாகக் கொடுத்தார்கள். விமானத்தில் ஏற்ற வழியில்லாத அந்தச் சேவலைக் கோவில் ஏலத்தில் விட்டுவிட்டு வந்தேன். நவம்பரில் தகரம் வேய்ந்து அறை திறந்தாயிற்று என்று உபதேசியார் எழுதினார். பெயர்க் கல் வைக்கவில்லை.

தொண்டுக்குப் புறப்படும் இளைஞர்களிடம் நான் சொல்வது இவ்வளவே: மொழியைக் கற்றுக்கொள்ள நேரமில்லை என்றால் போகாதீர்கள். கொல்லத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் கடற்கரை மக்களிடம் நம் மொழியைப் படித்த பிறகே அதைச் செய்தார். இரண்டு வாரப் பயணமாகச் சென்று, அனாதைக் குழந்தைகளோடு விளையாடிப் படமெடுத்துத் திரும்பும் திட்டங்களும் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. கம்போடியாவில் இத்தகைய இல்லங்களைப் பற்றி ஆராய்ந்தபோது, அங்கிருந்த குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருப்பது தெரியவந்தது. பார்க்க வருவோர் இருப்பதால் குழந்தைகளும் இல்லங்களுக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். நல்ல மனத்தோடு செல்பவரின் பணமே ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரணியம் கரையைக் கடந்தது. டெல்டாவில் அன்று விழுந்த தென்னைகளை யார் எண்ணினார்? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்துவிட்டன. நான் அப்போது வேறு பங்கில் இருந்தேன். 1,20,000 ரூபாய் அனுப்பிய என் பழைய பங்கில் ஆலயத்தின் ஓடுகள் பறந்துபோயின. தோப்பை நம்பியிருந்த வீடுகளில் பாதிக்கு மேல் கடனில் விழுந்தன. உபதேசியாருக்கு எழுதிய கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடலில் இதையும் இரண்டு வரி எழுதியிருந்தேன்.

2019 தவக்காலத்தில், தான்சானியாவிலிருந்து விடுமுறைக்குத் திரும்பிய கேரளக் கன்னியர் ஒருவர் என்னைத் தேடி வந்து ஓர் உறையைக் கொடுத்தார். 'லாக்கி தாத்து', மூன்று லட்சம் ஷில்லிங். நம் பணமாக மாற்றினால் ஏறக்குறைய 9,000 ரூபாய். ஐந்து ஞாயிறுகள் கோழியும் மக்காச்சோளமும் ஏலம் விட்டுச் சேர்த்தது என்று கன்னியர் சொன்னார். கூடவே ஒரு தாள். ஜுமுயியாக்களின் பெயரும் ஒவ்வொன்றும் கொடுத்த தொகையும் வரிசையாக எழுதியிருந்தன. பீபியின் ஜுமுயியா முதலில் இருந்தது. பீபி அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார்.

உறையை எடுத்துக்கொண்டு பழைய பங்குக்குச் சென்றேன். பங்குத்தந்தை பேரவையைக் கூட்டினார். உறையைக் கண்டு எல்லாரும் கண் கலங்கினார்கள். ஆனாலும் ஒருவர் எழுந்து, "சாமி, இது நம்மால் வாங்கக்கூடிய பணம் இல்ல. சோத்துக்கு இல்லாத சனங்க அனுப்பினது. நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிடுவோம். நமக்கு அரசாங்க நிவாரணம் வருது, ஆயர் இல்லமும் உதவுது" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பலர் ஆமோதித்தனர். எனக்கு மறுமொழி சொல்ல வாய் துடித்தது. ஆயினும் நான் அந்தப் பேரவையில் விருந்தாளி.

பின்வரிசையில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். இருநூறு தென்னையை இழந்தவர். ஏழு ஆண்டுக்கு முன் வாணவேடிக்கையைக் குறைக்கக்கூடாது என்று அதே அவையில் சண்டையிட்டவரும் அவரே. எழுந்து நிற்காமலே பேசினார்.

"ஏம்ப்பா, நாம செஞ்ச மொய்க்கு அவங்க திருப்பிச் செய்யிறாங்க. வந்த மொய்யத் திருப்பி அனுப்புற வழக்கம் நம்ம பக்கம் எந்த ஊர்ல இருக்கு? கணக்கப்பிள்ளை, ஏட்ட எடு. பேர எழுது."

கணக்கர் தயங்கினார். பிறகு அலமாரியிலிருந்து பேரவையின் நீண்ட ஏட்டை எடுத்து, புதிய பக்கம் திருப்பி, தாளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக என்னை உச்சரிக்கச் சொல்லித் தமிழில் எழுதினார். பதினான்கு ஜுமுயியா. எழுதி முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி, வரவின் எதிரே நாம் திருப்பிச் செய்யவேண்டியதற்கான கட்டத்தை வெற்றிடமாக விட்டுக் கோடு கிழித்தார்.